சருகில் ஒன்று மட்டும் அசையவில்லை

எனக்கு மஞ்சள் காமாலை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் எனக்கு நான்காவது மாதம்.

இதற்கு முன் இரண்டு முறை ஊருக்கெல்லாம் சொல்லி, இனிப்பு கொடுத்து, பிறகு வெறும் வயிற்றோடு வீடு திரும்பியிருந்தேன். இரண்டாவது முறை ஐந்து மாதம் முடிந்திருந்தது. விசாரிக்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "யாரு கண்ணு பட்டுதோ" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கண்ணெல்லாம் இங்கேயேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். ஆகவே மூன்றாவது முறை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது அம்மா. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு பயம்.

விழுப்புரத்தில் நானும் கணவரும் குடியிருந்தது இரண்டாவது மாடி. அவர் ஒரு கடையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். "படி ஏறக் கூடாது, குனியக் கூடாது, பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போங்க, மத்தபடி படுக்கையை விட்டு இறங்காதீங்க" என்று டாக்டரம்மா சொன்னதும், திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே புன்செய்க் கொல்லையில் தனியாக நிற்கிற எங்கள் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும் என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது. காமாலை என்று கேள்விப்பட்டதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆட்டுக்கார அக்கா தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்து எடுத்துவந்துவிடுவார். "வெறும் வயித்துல குடிச்சிடு கண்ணு. மூணே நாள்ல எறங்கிடும்." எது இறங்கிவிடும் என்று நினைத்து நான் போர்வைக்குள் வயிற்றைப் பொத்திக்கொள்வேன். அம்மா டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் வாழைக்கன்றுக்கு ஊற்றுவாள். ஒருநாள் அந்த அக்கா பப்பாளிப் பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து, நான் சாப்பிடுவதைப் பார்க்க எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி தொடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிற பழம். "வாந்தி வருதுக்கா" என்றேன். சொல்லிமுடிப்பதற்குள் வந்தும்விட்டது. அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மாசியில் ஐந்தாவது மாதம் தொடங்கியதும் காமாலை குணமாகி முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிக்கொண்டது. பங்குனி வெயிலில் கழுத்துவரை போர்வை போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் முதுகு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு கிடந்தேன்.

என் அறையில் ஒரே ஜன்னல். வெளியே ஒரு முந்திரி மரம், அதன் அடியில் யாரும் கூட்டாத சருகு. அதைத் தாண்டி, நிலக்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, போடுவதற்காகச் சும்மா கிடக்கிற செம்மண் கொல்லை. வேறு எதுவும் கிடையாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். கோலிக்குண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, டுக், டுக், டுக் என்று துள்ளி, வேகம் கூடிக்கூடி டுர்ரென்று அடங்குமே, அதே சத்தம்தான். நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டு மறுபடி விழும்.

சத்தம் கேட்டதும் அம்மா கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். "பக்கி கத்துதுடி. ஜன்னலைச் சாத்து."

பக்கி என்றால் எனக்குத் தெரிந்தது வசவு. தட்டில் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொண்டால் அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அது ஒரு பறவை, பகலெல்லாம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வாயைத் திறந்துகொண்டு பறக்கிற பறவை என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அது பிள்ளைத்தாய்ச்சியின் தலைக்கு மேலே பறந்தால் வயிற்றில் இருப்பது காய்ந்துவிடுமாம். வெளியே காயப்போட்ட குழந்தைத் துணிக்கு மேலே பறந்தால் அந்தக் குழந்தை இளைத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுமாம். "ரெண்டாவது தடவ உண்டாயிருந்தப்ப விழுப்புரத்துல மொட்டை மாடியில துணிய காயப்போட்டுட்டு மறந்து தூங்கிட்டன்னு சொன்னியே. அப்பவே நெனைச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டாவது பிள்ளை ஏன் தங்கவில்லை என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருக்கிறார். அதில் மொட்டை மாடியும் இல்லை, துணியும் இல்லை. "உனக்கு அறிவிருக்குதாம்மா?" என்று கத்தினேன். கத்திவிட்டு, அவள் திரும்பிப் போனதும், ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று கையை நீட்டித் தடவிப் பார்த்தேன். பகலில் நான் படித்தவள். விளக்கு வைத்துவிட்டால் அம்மாவின் மகள்தான்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. முந்திரிச் சருகு முழுவதும் புரண்டது, எழுந்தது, ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. படுத்தபடியே வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை சருகில் ஒன்று மட்டும் அசையவில்லை. மரத்து வேருக்கு இந்தப் பக்கம், கையகலம் இருக்கும். காற்று வந்தது, போனது. மறுபடி வந்தது. அது அப்படியே இருந்தது. ஏதாவது கல்லாக இருக்கும் என்று நினைத்த நேரத்தில் அந்தச் சருகு ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து என்னைப் பார்த்தது.

போனில் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். "வெறும் சருகுதான இருக்குது, என்னத்த பாக்கச் சொல்ற?" என்று பதில் வந்தது. பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுவா?" என்று திருப்பி அனுப்பினார். கம்ப்ரஸரில் நூல் கனத்துக்கு இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடிக்கிற மனுஷர்.

அன்று சாயங்காலம் அம்மா வந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் அந்தச் சருகு தரையிலிருந்து ஓசையில்லாமல் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கொல்லைப் பக்கமிருந்து கோலிக்குண்டு விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. எதற்குப் பயந்து இத்தனை நாளாக ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தோமோ, அது பகல் முழுவதும் என் தலைமாட்டில்தான் இருந்திருக்கிறது. அது எழுந்த இடத்தில் இரண்டு முட்டைகள். கூடு இல்லை, ஒரு துரும்பு கூடப் போட்டிருக்கவில்லை, வெறும் மண். இளஞ்சிவப்பில் செம்மண் தெறித்த மாதிரிப் புள்ளிகள்.

இரண்டு என்ற எண்ணே எனக்குப் பிடிக்காமல் போயிருந்த காலம் அது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் துடைப்பத்தோடு கிளம்பிவிடுவாள் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் வைத்திருப்பதும் சுலபமாக இல்லை. அந்தப் பறவை என் பிள்ளையைக் காய வைத்துவிடும் என்று ஒரு பயம். அதைவிட மோசமாக இன்னொரு பயம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முட்டைகள் பொரித்தால் என் பிள்ளையும் பிழைக்கும், அவை உடைந்தால் இதுவும் போய்விடும் என்று. இதற்குக் கணக்கு என்ன, காரணம் என்ன என்று கேட்டால் என்னிடம் ஒன்றும் கிடையாது. படுக்கையிலேயே கிடக்கிறவளுக்கு மனசு இப்படித்தான் போகும் போலிருக்கிறது.

பகலெல்லாம் காவல் காத்தேன். அதைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. ஓணான் பக்கத்தில் வந்து தலையாட்டிவிட்டுப் போகும். காகம் கிளையில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். ஆட்டுக்கார அக்காவின் வெள்ளாடுகள் முந்திரிக் கொழுந்துக்கு எக்கிக்கொண்டு வரும்போது குளம்பு அதன் பக்கத்தில்தான் விழும். அது எழுந்திருக்காது. கண்ணைக் கோடாக ஒடுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தட்டையாகும். எனக்குத்தான் இங்கே உயிர் போய் உயிர் வரும். எழுந்து ஓடி ஆட்டை விரட்ட முடியாது. சத்தம் போட்டால் அம்மா வந்துவிடுவாள். நானும் அதுவும் ஆளுக்கொரு பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போம்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. மறுநாள் அப்பா அறை வாசலில் நின்று சொன்னார். "நல்ல ஈரம் இருக்குதும்மா. நாளைக்கு டிராக்டர் வரச் சொல்லியிருக்கேன். அப்படியே இந்த மரத்தடியையும் சேர்த்து ஓட்டிடலாம். சும்மாதான கிடக்குது."

"டிராக்டர் சத்தம் கேட்டா எனக்குத் தலைவலிக்கும்ப்பா."

"ஒரு மணி நேர வேலைம்மா. கண்ணை மூடிப் படுத்துக்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை உள்ளே உதைக்கும்போதெல்லாம், கொஞ்சம் இரு, நாளை வரை இரு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் பின்வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. அப்பாவும் ஆட்டுக்கார அக்காவும் எதிரில் நின்றிருக்க வேண்டும்.

"நல்லது ஒண்ணு அந்தச் சருகுல சுத்திக்கினு இருக்குது. நான் கண்ணால பார்த்தேன். ஜோடியா இருக்கும் போல. நீ ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கினு வராத. இந்தாங்க, டிராக்டரும் இப்ப வேணாம், அது போற வரைக்கும்."

நல்லது என்றால் நல்ல பாம்பு. பொழுது போன பிறகு எங்கள் பக்கம் பேர் சொல்ல மாட்டார்கள். "தீயணைப்புக்குப் போன் போட்டா வந்து பிடிச்சிக்கினு போவாங்க" என்றார் அப்பா. "வீட்டுல படுத்துக்கினு இருக்கிற பொண்ணை வச்சிக்கினு அதைப் பிடிக்கிறாராம். பேசாம இருங்க" என்று அம்மா அடக்கிவிட்டாள்.

டிராக்டர் வராது. ஆடு வராது. ஆனால் பாம்பு வரும். முட்டை இருக்கிற இடத்துக்குத்தானே பாம்பு வரும்? அதன் பிறகு ஜன்னலை விட்டு என் கண் நகரவில்லை. சருகு புரண்டால் பாம்பு, காற்று நின்றால் பாம்பு. அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்தால், "தள்ளி நில்லும்மா, மறைக்குது" என்று எரிந்து விழுவேன். எதை மறைக்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. விடிந்ததும் பார்த்தேன். மரத்து வேருக்கு இந்தப் பக்கம் வெறும் மண். பறவை இல்லை, முட்டை இல்லை. உடைந்த ஓட்டின் ஒரு துண்டு மட்டும் கிடந்தது, அதைச் சுற்றி எறும்பு.

கையை வயிற்றில் வைத்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இடது பக்கம் ஒருக்களித்தேன். எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன். வழக்கமாகத் தண்ணீர் உள்ளே போனால் ஒரு புரளல் இருக்கும். இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்த குரல் எனக்கே பயமாக இருந்தது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கூட்டேரிப்பட்டிலிருந்து வாடகைக் கார் வந்தது. அப்பா முன்னால், நானும் அம்மாவும் பின்னால். அம்மா என் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. மயிலம் முருகனிடம் ஏதோ பேரம் பேசிக்கொண்டு வந்தாள். விடுமுறை நாள். சென்னையிலிருந்து தெற்கே போகிற கார் எல்லாம் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வந்து குவிந்திருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், நடுவில் நாங்கள். "ஜல்தியா போப்பா" என்று அப்பா சொன்னதற்கு டிரைவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு பையன் எங்கள் கார் ஓயாமல் ஹாரன் அடிப்பதைக் கேட்டு ஓடிவந்தான். கண்ணாடி வழியாக நான் படுத்திருப்பதைப் பார்த்தான். "என்னாச்சும்மா? எமர்ஜென்சியா? சொல்லுங்க, இந்தப் பக்கம் திறந்துவிடச் சொல்றேன்."

அம்மா என் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லப்பா. முதுகு வலி. டிஸ்க்கு."

பழக்கம். மூன்று மாதமாகச் சொல்லிச்சொல்லி அவள் நாக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பையன் தலையாட்டிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போனான். அம்மா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது, என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

நான் போர்வையை உதறி எறிந்தேன். கண்ணாடியை இறக்கி, இடுப்புவரை வெளியே வந்து கத்தினேன். "நான் புள்ளத்தாச்சிங்க! ஏழு மாசம்! வயித்துல புள்ள அசையல!"

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அழுதுகொண்டே ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, த்தூ, த்தூ என்று கண்ணேறு கழித்துக்கொண்டிருந்தாள். பையன் ஓடினான், தடுப்பை இழுத்தான், வழி திறந்தது.

மதியத்துக்குள் வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். பெண். உயிர் இருந்தது. அழுகை இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாகவும் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இரண்டொரு நாளில் அவள் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தது. கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துக்கு அடியில் படுக்க வைத்தார்கள். என்னவென்று அம்மா நர்ஸைக் கேட்டாள்.

"மஞ்சள் காமாலைம்மா."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். குறை மாதத்துப் பிள்ளைக்கு வருகிறதுதான், சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. "நான் வாயால சொன்னதுடி. நான் சொன்னது புள்ள மேல வந்துடுச்சு." வாயில் அடித்துக்கொண்டாள். நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். எனக்கும் அதே பயம்தான். இரண்டு பேரும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

மஞ்சள் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குடித்தாள். வீட்டுக்கு வந்தபோது ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. ஆட்டுக்கார அக்கா பார்க்க வந்தார். பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரவால்ல, காமாலைக்கு மூக்கும் முழியும் லட்சணமாத்தான் இருக்குது" என்றார். அம்மா அசடு வழிந்தாள். அதோடு அந்த அக்கா விட்டுவிட்டார், பெரிய மனசு.

மறுநாளே அம்மா அடுத்ததை ஆரம்பித்தாள். முன்னால் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து வருகிறதைக் குப்பையில் போட்டு எடுக்க வேண்டும். வேறு ஒருத்தி அதைத் தவிட்டுக்கு வாங்கி, பெற்றவளிடம் வளர்க்கக் கொடுக்க வேண்டும். குப்பை என்றுதான் கூப்பிடவும் வேண்டும். எமன் தேடிக்கொண்டு வந்தால், இங்கே பிள்ளை ஏது, குப்பைதானே கிடக்கிறது என்று போய்விடுவானாம்.

"கையைக் கழுவாம தொடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பியிருக்காங்க. நீ எருக்குழியில போடுவியா?"

"எருக்குழி வேணாம். மரத்தடியில சருகுல போடுறேன். அடியில துணி விரிச்சிக்கிறேன்."

"அங்க பாம்பு இருக்குதுன்னு நீதானம்மா சொன்ன?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன பாம்பு? பக்கி முட்டை வச்சிருந்துதுடி. உங்கப்பா டிராக்டர விட்டு ஏத்தியிருப்பாரு."

"நீ பார்த்தியா?"

"நீ அந்த எடத்தையே மொறைச்சிக்கினு படுத்திருந்தா நான் என்னான்னு பார்க்க மாட்டனா? அடைகாக்குறத கலைச்சா அந்தப் பாவம் யாரு வயித்துல வந்து விடியும்? பயத்துல எனக்கு ராத்தூக்கம் கிடையாது." பிறகு, போகிற போக்கில் சொன்னாள். "பொரிச்சிடுச்சு. ரெண்டும். நம்ம ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, கார் வர்றதுக்கு முன்னாடி, வரப்போரமா தள்ளிக்கினு போய் வச்சிருந்துது. மண்ணாங்கட்டி மாதிரி ரெண்டு குஞ்சு."

காலி மண்ணைப் பார்த்து நான் செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவை வரப்போரமாக உயிரோடு உட்கார்ந்திருக்கின்றன. சரி, கொண்டுபோ என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

குனிந்து நிமிர்ந்தால் தையல் இன்னும் இழுத்ததால் நான் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளுத்துச் சருகு நிறமாகிப்போன தன் பழைய காவிச் சேலையைக் கிழித்து, பிள்ளையைச் சுற்றி, முந்திரி மரத்தடியில் கிடத்தினாள். அதே இடம். பிள்ளையை வாங்குகிறவளாக வந்திருந்த ஆட்டுக்கார அக்கா முறத்தில் தவிடு எடுத்துவரத் திரும்பினார். இதைக் கணவருக்குக் காட்ட வேண்டும் என்று நான் போனைத் தேடி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது காற்று சருகைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை இல்லை.

வேருக்கு இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். சருகு. எல்லாமே சருகு. அலறிவிட்டேன். "அம்மா, புள்ள எங்கம்மா? காணோம்மா!"

அம்மா அங்கேயே, மரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் பயம் இல்லை.

"பெத்தவ உனக்கே தெரியலையா?" என்றாள். "அப்ப யாருக்கும் தெரியாதுடி."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தேடிக்கொண்டே இருந்தேன். காற்று நின்றது. புரண்டுகொண்டிருந்ததெல்லாம் அங்கங்கே அடங்கியது. அத்தனை சருகில் ஒன்று மட்டும் அசைந்தது.